குழந்தைகள் அறைக்கு இது ஒத்துவராது

எல்லாப் படுக்கையறைகளிலும் அலமாரி, கட்டில், மேஜை மூன்றையும் சுவரோடு சேர்த்தே செய்துவிட்டால் இடம் மிச்சமாகும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பெரியவர்கள் அறைக்குச் சரி. குழந்தைகள் அறையில் மேஜையையும் கட்டிலையும் நிரந்தரமாகப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து வயதுக்குச் செய்த மேஜை பத்து வயதில் முட்டியை இடிக்கும். அங்கே அலமாரியை மட்டும் கட்டுங்கள். உள்ளே தட்டுகளை ஏற்றி இறக்கும்படி வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள். துணி மாட்டும் கம்பியும் அப்படியே. மற்றவை நகரட்டும்.

அளவைப் பற்றிக் கட்டுரையில் பேச்சே இல்லை. ஹேங்கரில் சட்டை மடங்காமல் தொங்க உள் ஆழம் சுமார் 55 செ.மீ. வேண்டும். ஸ்லைடிங் கதவு போட்டால் அதன் தடத்துக்கு இன்னும் சில செ.மீ. போகும், ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் கதவைத் திறக்கவே இடமில்லாத அறைக்கு வேறு வழியில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் ஈரம். மழை படும் வெளிச்சுவரிலும் குளியலறைச் சுவரிலும் அலமாரியை இடைவெளி விடாமல் அடித்தால் பின்பலகையில் பூஞ்சை வரும். முதலில் கசிவை நிறுத்துங்கள். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊறி உப்பிவிட்டால் பழையபடி ஆகாது. அந்தச் சுவர்களுக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட்தான் என் தேர்வு. அலமாரிக்குப் பின்னால் மறையப்போகும் சுவிட்ச் போர்டுகளையும் ஆசாரி வருவதற்கு முன்பே இடம் மாற்றிவிடுங்கள்.