துடுப்பைத் தூக்கினால் கிட்ட வராதீர்கள், தம்பி

வெயில் காலம் வந்துவிட்டால் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தண்ணீரில் இரண்டு கட்சிகள். ஒன்று துடுப்புப் போடுகிற கயாக் கட்சி, மற்றது தண்ணீரில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி ஓட்டுகிற ஜெற் ஸ்கீ கட்சி. நான் கயாக் கட்சி. எங்கள் வட்ஸ்அப் குழுவில் மே மாதம் தொடங்கினால் இதே பாட்டுத்தான்: சத்தம், அலை, பெற்றோல் மணம், மரியாதை தெரியாத பொடியங்கள். அவர்கள் பக்கத்துக் கதையும் காதுக்கு வராமலில்லை. "நடுத்தண்ணியில மரக்கட்டை மாதிரிக் கிடந்துகொண்டு எங்களுக்கு வகுப்பு எடுக்கினம்" என்கிறார்களாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

எனக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்தத்தைப் பற்றியே சண்டை பிடித்துக்கொண்டிருப்பதால், ஆளைக் கொல்லக்கூடிய விஷயத்தை இரண்டு கட்சியும் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிக்கறிங்கில் இருக்கிற ஃபிரெஞ்ச்மன்ஸ் பே என்கிற குடா உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். ஒன்ராறியோ ஏரிக்கும் குடாவுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு ஒடுங்கிய வாசல். வடக்குப் பக்கம் முழுக்கச் சம்பங்கோரை, நாரைகள், அன்னங்கள். கயாக், துடுப்புப் பலகை, பாய்க்கப்பல், ஜெற் ஸ்கீ எல்லாம் அந்த ஒரே வாசலால்தான் போய்வர வேண்டும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

கயாக் ஓட்டுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேகமான படகு நேரே வந்தால் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கி மெல்ல அசைப்போம். இங்கே ஆள் இருக்கிறது, விலகிப் போ என்று அர்த்தம். போன கோடையில் ஒரு ஜெற் ஸ்கீ எங்களை நோக்கி வந்தது. நானும் நண்பரும் துடுப்பைத் தூக்கினோம். அது இன்னும் நேராக வந்தது. இன்னும் உயர்த்தி அசைத்தோம். ஓட்டி வந்த பொடியன் சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கி அசைத்தான்! கிட்ட வந்ததும் மரியாதையாக வேகத்தை விட்டான், எங்களை விலக்கிக்கொண்டு போக ஹாண்டிலையும் திருப்பினான். வண்டி திரும்பவில்லை. வந்த கோட்டிலேயே சறுக்கிக்கொண்டு வந்து நண்பரின் கயாக்கின் பின்பக்கத்தை உரசிவிட்டுத்தான் நின்றது.

நாங்கள் தமிழில் கத்தியதைக் கேட்டுவிட்டுப் பொடியனும் தமிழிலேயே பேசினான். "நீங்கள் கை காட்டினீங்கள் அண்ணை. ஏதும் பிரச்சினையோ எண்டுதான் வந்தனான்." முகம் வெளிறிப் போயிருந்தது. பிறகு சொன்னதுதான் முக்கியம்: "நான் திருப்பினனான் அண்ணை. அது திரும்பேல்ல."

அவன் சொன்னது பொய்யில்லை. ஜெற் ஸ்கீக்குச் சுக்கான் கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறியால் தள்ளி, பின்னால் உள்ள குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. ஹாண்டிலைத் திருப்பும்போது அந்தக் குழாய்தான் திரும்புகிறது. விசையை, அதாவது அக்சிலரேற்றரை, விட்டால் பீய்ச்சல் நின்றுவிடும். பீய்ச்சல் இல்லாவிட்டால் ஹாண்டிலை எந்தப் பக்கம் முறுக்கினாலும் வண்டி நேரே போகும். காரில் பழகிய எவருக்கும் ஆபத்து வந்தால் முதலில் காலை எடுக்கத்தான் தோன்றும். இங்கே அப்படிச் செய்தால் திருப்பும் வழியையே கைவிட்டதாகிவிடும். விலக வேண்டுமென்றால் கொஞ்சமாவது விசை கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். 2009இலிருந்து சீ-டூ என்கிற ஜெற் ஸ்கீ பிராண்ட் தன் சில வண்டிகளில் பிரேக் பொருத்துகிறது. விசையை விட்டாலும் ஓரளவு திரும்ப உதவும் ஏற்பாடுகளும் வந்திருக்கின்றன. ஆனால் உங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிற வண்டியில் அவை இருக்குமா?

அந்தத் தம்பியிடம் இதைப் பற்றி யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். லைஃப் ஜக்கெற் தந்தார்கள், சாவிக்கயிற்றைக் கையில் கட்டச் சொன்னார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான் என்றான். கனடாவில் மோட்டார் படகு ஓட்ட ஒரு தகுதி அட்டை வேண்டும். ஜெற் ஸ்கீயைப் 16 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டவே முடியாது. ஆனால் வாடகைக்கு எடுப்பவருக்கு அந்த அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடைக்காரரோடு ஒரு பாதுகாப்புப் பட்டியலை நிரப்பிக் கையெழுத்து வைத்தால் அந்த வாடகை நேரத்துக்கு அது போதும். பட்டியலை நின்று விளங்கப்படுத்துகிற நல்ல கடைகளும் இருக்கின்றன. சனிக்கிழமை மத்தியானம் வரிசை நீண்டு நிற்கும்போது என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வேகத்தையும் கணக்குப் பாருங்கள். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றர்தான் எல்லை. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பொது விதி அதுதான். மணிக்கு 80இல் வருகிற வண்டி அந்த 30 மீற்றரை ஒன்றரை விநாடிக்குள் கடந்துவிடும். கயாக்கில் இருப்பவரின் தலை தண்ணீரிலிருந்து ஒரு மீற்றர் உயரம்கூட இருக்காது. அலைக்குப் பின்னால் ஆளே தெரியாது.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஜெற் ஸ்கீ அலை மேல் துள்ளும்போது அடியில் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். பாரம் போனதும் இயந்திரம் வீரிடும், விழுந்ததும் அடங்கும். ஏறி இறங்குகிற அந்த ஓசைதான் நரம்பைப் பிடுங்குகிறது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் இன்னும் மோசம், எரியாத எண்ணெயையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும். புதியவை பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக். மின்சாரத்தில் ஓடும் ஜெற் ஸ்கீயைக்கூடக் கியூபெக்கில் செய்துவிட்டார்கள். நாளைக்கு எல்லாமே மின்சாரமாகிச் சத்தமே இல்லாமல் போனால் எங்கள் கட்சிக்குச் சந்தோஷமா? எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைக்குப் பின்னால் வருவதைக் காதாவது சொல்லிவிடுகிறது.

தடை செய்யச் சொல்பவர்கள் அமெரிக்காவின் சான் ஹுவான் தீவுகளைக் காட்டுவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அந்தக் கவுண்டி 1996இல் ஜெற் ஸ்கீயைத் தடை செய்தது, வழக்குப் போய் 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. கொலைத் திமிங்கிலங்கள் வருகிற தண்ணீர் அது. அங்கே அது சரி. எங்கள் வடக்குப் பக்கத்து ஏரிகளிலும் சில மூலைகளுக்கு அது தேவைதான். எங்கள் கனடிய ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிறதே, லூன் பறவை, அதற்குத் தரையில் சரியாக நடக்க வராது. அதனால் தண்ணீரின் விளிம்பிலேயே கூடு கட்டும். கரையை ஒட்டி ஒரு ஜெற் ஸ்கீ போனால் அந்த அலையே முட்டையை அடித்துக்கொண்டு போகப் போதும். அடைகாக்கும் காலத்தில் அப்படியான மூலைகளை மூடட்டும், நான் கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்ராறியோ ஏரி முழுவதும் தடை வேண்டும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கயாக் ஆர்க்டிக் கரையோரத்து இனுயிற் மக்கள் தோலும் எலும்பும் மிதந்து வந்த மரமும் கொண்டு கட்டிய படகு. முதல் சீ-டூவைக் கியூபெக்கின் பொம்பார்டியர் கொம்பனி 1968இல் வெளிவிட்டது. இரண்டும் இந்த நாட்டோடு ஒட்டியவை. கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் பறந்து பார்க்க ஆசைப்படுகிற பொடியனை எதிரியாக்க எனக்கு மனமில்லை.

இப்போது எங்கள் கட்சிக்கு. கடும் பச்சையிலும் கறுப்பிலும் கயாக்கை வாங்கி, அதே நிறத்தில் உடுப்பும் போட்டுக்கொண்டு "அவன் எங்களைப் பார்க்கவில்லை" என்று குறைசொல்ல முடியாது. மஞ்சளோ செம்மஞ்சளோ போடுங்கள், துடுப்பின் தட்டிலும் அதே நிறம் இருக்கட்டும். குடாவின் வாசலில் நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் மிதந்து கதைப்பதை நிறுத்துங்கள், அது போக்குவரத்துப் பாதை. ஒன்றாகச் சேர்ந்து குறுக்கே நேராகக் கடந்துவிட்டுக் கோரை ஓரத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு மீற்றர் ஆழம்கூட இல்லாத இடத்தில் ஜெற் ஸ்கீ களையையும் கல்லையும் உறிஞ்சிப் பழுதாகிவிடும், அதனால் அவர்களே அங்கே வரமாட்டார்கள். விசிலைக் கழுத்தில் போடுங்கள். அலை வந்தால் திட்டுவதற்கு முன் முனையை அலைக்கு நேரே திருப்புங்கள். பக்கவாட்டில் வாங்கினால்தான் கவிழும்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த லோங் வீக்கெண்ட் ஜெற் ஸ்கீ எடுக்கப் போகிறீர்கள் என்றால் கையெழுத்து வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "விசையை விட்டால் இது திரும்புமா?" பதில் என்னவாக இருந்தாலும், ஆளில்லாத அகன்ற தண்ணீருக்குப் போய், மெதுவாக ஓட்டி, விசையை விட்டு ஹாண்டிலைத் திருப்பிப் பாருங்கள். பிறகு கொஞ்சம் விசை கொடுத்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குப் பழகும்வரை வேகம் எடுக்காதீர்கள். பின்னால் தங்கச்சியோ நண்பனோ ஏறினால் பாரம் மாறிவிடும், திரும்பவும் ஒருமுறை பாருங்கள். தூரத்தில் யாராவது துடுப்பைத் தூக்கினால் ஹாய் சொல்ல வராமல் அகலமாகச் சுற்றிப் போங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேரமில்லை என்று கடைக்காரர் சொன்னால், காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.