'கேஷ்' நம்ம 'காசு'தானா?

திருநெல்வேலி டவுனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "அல்வாக் கடையில் 'கேஷா, ஜிபேயா' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் நம் காசிலிருந்து வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்ட சொல்."

தவறு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போனது, முதலில் பணப்பெட்டிக்கும் அப்புறம் அதற்குள் இருந்த பணத்துக்கும் பெயரானது.

சரி, காசுக்குத் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறொரு கேஷ். எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். தமிழ்க் காசைப் போர்த்துகீசியர் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிச் சொல்ல, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்னச் செப்புக் காசுக்குப் பெயராக நின்றது. சென்னை மாகாணத்துப் பழைய கணக்கில் 80 காசு ஒரு பணம் (அப்போதைய ஒரு சிறு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் என்ற தங்க நாணயம். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்ததும் அந்த வழக்கம் போய்விட்டது. இரண்டு சொல்லையும் யாரோ ஒன்றாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகள் இதை எழுதிக்கொண்டு போகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். கட்டுமரத்தையும் சுருட்டையும் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டும் தமிழிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போனவை.