மல்லித் தண்ணீர் குடித்தால் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

"மல்லி ஊறவைத்த தண்ணீரை 48 நாள் குடித்தால் தைராய்டு மாத்திரையே வேண்டாம்" என்று கடலூர் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

தைராய்டு சுரப்பி சுரக்கும் தைராக்ஸின் ஹார்மோன் குறைந்தால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டி, இன்னும் சுரக்கச் சொல்லித் தைராய்டை விரட்டும். மாத்திரை அந்தக் குறையை நிரப்புவதால்தான் டி.எஸ்.எச். இறங்குகிறது. ரிப்போர்ட் நார்மல் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள்; தைராய்டு சுரப்பி தேறிவிட்டது என்றல்ல.

ரத்தத்தில் தைராக்ஸின் பாதியாகவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். நிறுத்திய முதல் வாரம் ஒன்றும் தெரியாது, ஏமாறுவது இங்கேதான். பிறகு சோர்வு, மலச்சிக்கல், முகவீக்கம் தலைகாட்டும்.

மல்லித் தண்ணீர் குடியுங்கள், தப்பில்லை. மாத்திரையை மட்டும் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது.