கேமராவுக்காக ‘எவ்ரிஒன்’ போட வேண்டியதில்லை

அண்ணே, கோயில் கேமரா ஆபீஸ் கணினியில் பதிவாக வேண்டுமென்றால், ஷேர் ஃபோல்டரை (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்) பாஸ்வேர்டு இல்லாமல் ‘எவ்ரிஒன்’னுக்கு, அதாவது எல்லாருக்கும், திறந்துவிடணும்னு மேலே போட்டிருக்கீங்க. கேமராவின் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பக்கத்தில் பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் இருந்தால் அப்படித் திறந்துவிடத் தேவையில்லை. விண்டோஸில் கேமராவுக்கென்றே ஒரு கணக்கு திறந்து, அந்த ஃபோல்டரில் மட்டும் எழுத அனுமதி கொடுங்க. ஃபோல்டரின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ல் இருக்கும் ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ ரெண்டு பக்கத்திலும் கொடுக்கணும். நிறையப் பேர் ரெண்டாவதை மறந்துட்டு, கடைசியில் ‘எவ்ரிஒன்’ போட்டுடறாங்க. (நானும்தான்!)

சோதிக்க, வேறொரு லேப்டாப்பில் அதே கணக்கோடு நுழைஞ்சு பாருங்க. சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயிலில் கேமரா ஃபோல்டரில் கோப்பு வைக்க முடிந்தது. பக்கத்திலிருந்த திருவிழா வசூல் ஃபோல்டர் திறக்கவில்லை; அப்படித்தான் இருக்கணும்.