பேனாக்கத்தியும் தேங்காயும்

சென்ற மாதம் இரவுதோறும் என் மகளுக்கு ஆர். எம். பேலண்டைன் எழுதிய ‘பவளத் தீவு’ நாவலை வாசித்து, புரியாத இடங்களைத் தமிழில் சொல்லி வந்தேன். 1857இல் எழுதப்பட்ட அந்தக் கதையில், கப்பல் உடைந்து மூன்று பையன்கள் பசிபிக் கடலின் தீவொன்றில் கரை ஒதுங்குகிறார்கள். தென்னையில் ஏறிக் காயைப் பறித்து, கத்தியால் ஒரு துளை போட்டு, அப்படியே வாயில் வைத்துக் குடித்துவிட்டு, லெமனேட் போல இருக்கிறது என்று மகிழ்கிறார்கள். பதினொரு வயது மகள் அந்த இடத்தில் என்னை நிறுத்தினாள். “மட்டையை யாருப்பா உரிச்சது?” என்று கேட்டாள்.

இளநீர் என்றால் அரிவாளால் தலையைச் சீவ வேண்டும். முற்றிய காய் என்றால் நட்டு வைத்த கடப்பாரையில் குத்தித் திருகி மட்டையைப் பிளந்து, நாரைப் பிய்த்த பிறகுதான் ஓடே கண்ணில் படும். இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய செய்தி அல்ல. ஆனால் பேலண்டைன் தேங்காயைப் பார்த்ததெல்லாம் பிரிட்டனின் மளிகைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான். உரித்து, முக்கண்ணும் தெரிய, கைக்கு அடக்கமாக அங்கே கிடக்கும் காய், மரத்திலும் அதே வடிவில்தான் தொங்கும் என்று அவர் நம்பிவிட்டார். இதைப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்தப் பிழை அவரை உறுத்தியது. அதன் பிறகு, தெரியாத ஒன்றைப் பற்றி எழுதுவதென்றால் அந்த இடத்துக்கே போய் இருந்து பார்ப்பதென்று முடிவு செய்தார். 1865இல் வெளிவந்த கலங்கரை விளக்க நாவலுக்காக, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், கடல் ஏறினால் நீருக்குள் மறைந்துவிடும் பாறைமேல் நிற்கும் பெல் ராக் கலங்கரை விளக்கத்தில் போய்த் தங்கினார். தீயணைப்பு வீரர்களைப் பற்றி எழுத லண்டன் தீயணைப்புப் படையோடு அலைந்தார். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கார்ன்வாலில் வசித்தார். உண்மையில் அவருடைய முதல் பலமும் அதுதான். பதினாறு வயதில் ஹட்சன் விரிகுடா நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1841 முதல் 1847 வரை கனடாவின் பனிக்காடுகளில் இருந்தவர் அவர். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த 1856ஆம் ஆண்டின் எல்லைப்புற நாவலில், தோணியைத் தோளில் சுமந்து அருவியைக் கடப்பதும் பனிமிதியடி கட்டிக்கொண்டு நடப்பதும், செய்தவன் சொல்வதுபோலவே இருக்கின்றன.

பழைய கடல் சாகச, எல்லைப்புற நாவல்களை நான் இன்றும் விரும்புவதற்கு இதுவே காரணம். கை அறிந்த வேலையை அந்தக் கை அறிந்தபடியே சொல்லும் இடங்களில்தான் அவை உயிரோடு இருக்கின்றன. இங்கிலாந்தின் கடற்படையில் பல ஆண்டுகள் போரிட்ட கேப்டன் மாரியட், இன்னொருவர் எழுதிய தீவுக் கதையில் கப்பலோட்டிக்குப் பொறுக்காத பிழைகளைக் கண்டு, தம் பிள்ளைகளுக்காகத் தாமே ஒரு தீவுக் கதையை எழுதினார். அமெரிக்காவின் ஃபெனிமோர் கூப்பரும் கப்பலில் வேலை பார்த்தவர். வால்டர் ஸ்காட்டின் கடல் கதையைவிடக் கப்பல்காரன் ஒப்புக்கொள்ளும் கதையைத் தம்மால் எழுத முடியும் என்று காட்டவே 1824இன் கடல் நாவலை எழுதினார்.

இவர்களையெல்லாம் சிறுவயதில் ஆசையோடு படித்தவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ நாவலின் முகப்புப் பாட்டில், சிறுவர்களுக்கான கடல் கதைகள் எழுதிய கிங்ஸ்டன், பேலண்டைன், கூப்பர் ஆகிய மூவரையும் பெயர் சொல்லியே வணங்குகிறார். பேலண்டைன் தங்கிய பெல் ராக் விளக்கத்தைக் கட்டுவதில் முன்னின்றவர் ஸ்டீவன்சனின் பாட்டனார். தந்தையும் கலங்கரை விளக்கப் பொறியாளர். 1881ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்காட்லாந்தின் பிரேமாரில், மனைவியின் மகன் லாயிடோடு விளையாட்டாக வரைந்த தீவின் வரைபடம் ஒன்றிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதி வீட்டில் வாசித்துக் காட்டியபோது, கதையில் வரும் கிழட்டு மாலுமி பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன பொருள்கள் இருந்தன என்ற பட்டியலைத் தந்தையே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

அந்த நாவலின் ஓர் இடத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரவு நேரம், கடல்நீர் வற்றிக்கொண்டிருக்கிறது. ஆட்டுத்தோல் போர்த்திய சின்னஞ்சிறு ஓடத்தில் சிறுவன் ஜிம், கொள்ளையர்களின் பிடியில் உள்ள கப்பலின் நங்கூர வடத்தை அறுக்கப் போகிறான். நீரோட்டம் கப்பலை இழுப்பதால் வடம் வில் நாண்போல விறைத்திருக்கிறது. விறைத்த வடத்தைச் சட்டென்று அறுப்பது உதைக்கும் குதிரையின் பின்னால் நிற்பதற்குச் சமம் என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வருகிறது; ஓடத்தோடு தூக்கி எறியப்படுவான். ஆகவே காத்திருக்கிறான். காற்று திரும்பிக் கப்பலை நீரோட்டத்துக்கு எதிராகத் தள்ள, கையில் பிடித்திருக்கும் வடம் ஒரு கணம் தளர்கிறது. பல்லால் கத்தியைத் திறந்து, ஒவ்வொரு புரியாக அறுக்கிறான். இரண்டே இரண்டு புரிகள் மிச்சமிருக்கும்போது நிறுத்திவிட்டு, அடுத்த காற்றுக்காக இருட்டில் அசையாமல் கிடக்கிறான்.

ஏழாம் வகுப்பில் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்த சுருக்கப் பதிப்பில் இது எப்படி இருந்தது தெரியுமா? ‘ஜிம் கயிற்றை அறுத்தான், கப்பல் மிதந்து சென்றது’ என்ற அளவில் முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கும் என்ற அக்கறையில்தான் சுருக்கியிருப்பார்கள். ஆனால் எஞ்சிய சம்பவங்களின் வரிசையை மறுநாளே மறந்துவிடலாம். புரி புரியாக அறுபடும் அந்த வடத்தை நாற்பது வயதிலும் உள்ளங்கையில் உணரலாம். முழு மூலத்தைப் படித்தபோதுதான், சிறுவயதில் எனக்குக் கிடைக்காமல் போனது எதுவென்று தெரிந்து வருந்தினேன்.

அந்தக் கதையில் கொள்ளையர் தலைவன் ஜான் சில்வரின் கிளி போய்வந்த இடங்களில் மலபாரும் இருக்கிறது. கோவாவுக்கு வெளியே வைஸ்ராயின் கப்பல் கொள்ளையிடப்பட்டபோது கூடவே இருந்ததாம். நம் பக்கத்துக் கடல் எட்டிப் பார்க்கும் அந்த வரியும் என் சுருக்கப் பதிப்பில் இல்லை.

‘பவளத் தீவு’ நாவலின் பிற்பகுதிக்கு வந்தபோது மகள் கேட்ட அடுத்த கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. தீவு மக்கள் அதில் பெரும்பாலும் நரமாமிசம் உண்பவர்களாகவே வருகிறார்கள்; இறுதியில் பாதிரியார் வந்து, தலைவன் மதம் மாறி, தன் தெய்வ உருவங்களைத் தீயிலிட, பையன்கள் விடுதலை பெறுகிறார்கள். “இவர் அந்த ஊருக்குப் போயிருக்காராப்பா?” என்றாள். போனதே இல்லை என்றேன். “அப்ப இதுவும் தேங்காய் மாதிரிதானே?” என்றாள்.

அவள் கேட்டது சரி. தேங்காயைப் பற்றிய தவறும் மனிதர்களைப் பற்றிய தவறும் ஒரே இடத்திலிருந்து, தொலைவில் உட்கார்ந்து எழுதியதிலிருந்து வந்தவை. முதலாவதற்காக வெட்கப்பட்டுத் தம் எழுத்து முறையையே மாற்றிக்கொண்ட அந்த நேர்மையான மனிதருக்கு, இரண்டாவது பிழையாகவே படவில்லை என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. கூப்பரிடமும் இதையே காண்கிறேன். 1757ஆம் ஆண்டுப் போரைக் களமாகக் கொண்டு, 1826இல் அவர் எழுதிய ‘மோஹிகன்களில் கடைசியானவன்’ நாவலில், அமெரிக்கப் பழங்குடிகளான மோஹிகன் இனத்தின் கடைசி வாரிசு மாய்ந்துபோகிறான். நெருக்கடியான நேரத்தில் எல்லாம் காய்ந்த சுள்ளியை மிதித்துவிடும் கூப்பரின் பாத்திரங்களை மார்க் ட்வைன் 1895இல் கடுமையாகக் கண்டித்தார். காட்டைப் பற்றிய தவறுகளை அடுக்கிய அந்தக் கண்டனத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அந்த நாவலின் தலைப்பிலேயே உள்ள தவறுதான். மோஹிகன் மக்கள் மாயவில்லை. தம் நிலத்திலிருந்து மீண்டும் மீண்டும் பெயர்க்கப்பட்டு, இன்று விஸ்கான்சினில் தம் சொந்த நிர்வாகத்தோடு வாழ்கிறார்கள். சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ்களில் கௌபாய் நாயகன் ‘இரவுக் கழுகு’ டெக்ஸ் வில்லரைக் கொண்டாடி வளர்ந்த நம் தலைமுறைக்கு இது யாரும் சொல்லித் தராத செய்தி.

ஸ்டீவன்சன் மட்டும் அந்த இடத்துக்குப் போனார். உடல்நலம் தேடிப் பசிபிக் தீவுகளுக்குச் சென்றவர், சமோவாவில் நிலம் வாங்கிக் குடியேறி, அவர்கள் மொழியைக் கற்றார். ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் அந்தத் தீவுகளைப் பங்கு போட நடத்திய சூழ்ச்சிகளை 1892இல் ஒரு தனி நூலாகவே எழுதிக் கண்டித்தார். சிறையிலிருந்தபோது அவரிடம் உதவி பெற்ற சமோவாத் தலைவர்கள், 1894இல் விடுதலையானதும் அவர் வீடு வரை தம் உழைப்பாலேயே ஒரு சாலை அமைத்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், நாற்பத்து நான்கு வயதில் அவர் இறந்தபோது, அவர் விரும்பிய மலையுச்சியில் அடக்கம் செய்யக் காட்டை வெட்டிப் பாதை உண்டாக்கியதும் அந்த மக்கள்தான்.

இத்தகைய நூல்களைப் பிள்ளைகளிடமிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். பதிப்பாளர்களோ உறுத்தும் பகுதிகளை ஓசையின்றி வெட்டிவிடுகிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ராபின்சன் குரூசோவின் கப்பல் உடைந்தது, அவன் ஆப்பிரிக்காவுக்கு அடிமைகளை வாங்கப் போன வழியில் என்பதை நீக்கிவிட்டுத் தரும் பதிப்பு, பிள்ளையைப் பாதுகாப்பதில்லை, குரூசோவைத்தான் பாதுகாக்கிறது. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, முழுதாக, வாய்விட்டு வாசிக்கட்டும். பையன்களுக்கான கதை என்ற எல்லையும் வேண்டாம். ‘புதையல் தீவு’ கதையில் பெண்களே வேண்டாம் என்பது லாயிட் போட்ட உத்தரவு என்று ஸ்டீவன்சன் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் கதையை இன்று எங்கள் வீட்டில் கேட்பவள் ஒரு பெண்.

இப்போது ‘புதையல் தீவு’ தொடங்கியிருக்கிறோம். நேற்று ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்து சில்வரின் பேச்சைக் கேட்கும் இடம் வரை வந்தோம். நங்கூர வடத்துக்கு இன்னும் பன்னிரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. அதற்குள் தேங்காய் நாரில் திரித்த முப்புரிக் கயிற்றுத் துண்டு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அந்த இரவு வரும்போது ஒவ்வொரு புரியாக அவளே பிரித்துப் பார்க்கட்டும்.