கங்கா எங்கேயும் புறப்படவில்லை

மும்பை செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை நம் இலக்கியக் கூட்டத்தில் நடந்தது இந்நேரம் எல்லோர் காதுக்கும் எட்டியிருக்கும். "சண்டை போட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்களாமே" என்று வாஷியிலிருந்தெல்லாம் போன் வருகிறது. சண்டையெல்லாம் இல்லை. ஒரு ஸ்லைடை எடுத்துவிடச் சொன்னேன். "விவாதத்துக்குத்தானே வைத்திருக்கிறோம்" என்றார்கள். சரி என்று விவாதித்தேன். "அக்கா, நீங்க ரொம்ப எமோஷனலாப் பாக்கறீங்க" என்றார் கட்டுரை வாசித்த தம்பி. நாலு பேர் சிரித்தார்கள். அதற்கு மேல் உட்காரப் பிடிக்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

அந்த ஸ்லைடின் படம் குழுவில் கிடக்கிறது, இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். 'நாயகனின் பயணம்' என்று ஒரு வட்டம். சுற்றிலும் பன்னிரண்டு கட்டங்கள். நடுவில் கங்கா. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் வருகிற கங்காதான். முதல் கட்டம் சாதாரண உலகம், அதில் கல்லூரி. இரண்டாவது கட்டம் சாகசத்துக்கான அழைப்பு. அதற்கு நேரே என்ன போட்டிருக்கிறார்? மழை, கார். நாலாவது கட்டம் குருவைச் சந்தித்தல். குரு யார் தெரியுமா? வெங்கு மாமா.

அதாவது, உலகம் தெரியாத ஒரு பெண்ணை மழையில் காரில் ஏற்றிக்கொண்டு போய் நாசம் பண்ணியது அவளுக்கு வந்த அழைப்பு. படிக்க வைத்தேன் என்ற உரிமையில் தங்கை மகள் மேலேயே கண் வைத்த கிழவர் அவளுக்கு வாய்த்த குரு. இதைக் கேட்டு எமோஷனல் ஆகாமல் இருக்க எனக்கு இன்னும் பயிற்சி போதவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கங்கா எங்கேயும் புறப்படவில்லை. அவளை வீட்டை விட்டு வெளியே தள்ளினார்கள். தள்ளியவன் அண்ணன் கணேசன். அதைப் 'பயணம்' என்று வட்டம் போட்டுக் காட்டினால், தள்ளிய ஆள் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறான். பன்னிரண்டு கட்டத்தில் கணேசனுக்கு ஒரு கட்டம்கூட இல்லை, கவனித்தீர்களா?

உடனே "உங்களுக்குக் கோட்பாடு என்றாலே ஆகாது" என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. போன வருடம் இதே தம்பி வந்தியத்தேவனுக்கு இந்த வட்டத்தைப் போட்டபோது முதலில் கைதட்டியவளே நான். ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரை, ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலை என்று அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. பொருந்தத்தான் செய்யும். அவன் ஆண், வாலிபன், இடுப்பில் வாள் இருக்கிறது. போ என்றால் போகலாம், வேண்டாம் என்றால் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

இந்த வட்டத்தின் பூர்வீகமும் தெரியாதவள் இல்லை. ஜோசப் கேம்பல் 1949இல் எழுதிய புத்தகத்தில் இருப்பவை பதினேழு கட்டங்கள். உலகத்துப் புராணங்களையெல்லாம் துழாவி, புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று மூன்று பாகமாகப் பிரித்தார். டிஸ்னியில் கதை இலாகாவில் இருந்த கிறிஸ்டோபர் வோக்லர் அதை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். 1992இல் அது திரைக்கதை எழுதுகிறவர்களுக்கான புத்தகமாக வந்தது, அதில் கட்டங்கள் பன்னிரண்டு. நம்மிடம் வந்து சேர்ந்தது இந்தப் பன்னிரண்டுதான். சினிமா எடுப்பதற்குச் சுருக்கியதை வைத்துக்கொண்டு ஜெயகாந்தனுக்கு மார்க் போடுகிறோம்.

மார்க் போட்டது நிஜம். கடைசிக் கட்டத்தில், அமுதத்தோடு ஊர் திரும்ப வேண்டிய இடத்தில், கங்காவுக்கு நேரே ஒரு கேள்விக்குறி. கீழே சின்ன எழுத்தில் 'பாத்திர வளர்ச்சி முழுமை பெறவில்லை' என்று ஒரு குறிப்பு. நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி, எழுதியவருக்குப் பின்னால் ஞானபீடம். இருந்தாலும் செம்பூரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்துவிட்டது.

ரவிக்கை பொருந்தவில்லை என்றால் பிரித்துத் தைப்போம். தோளையா செதுக்குவோம்?

கேள்விக்குறி ஏன் விழுந்தது என்று யாராவது யோசித்தார்களா? திரும்புவதற்கு ஒரு வீடு வேண்டும் என்பதால்தான். இந்த வட்டம் மொத்தமும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நாயகன் எங்கே போனாலும் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அவன் வீட்டுக் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை. ஜெயகாந்தன் எழுதியதே அந்தக் கதவைப் பற்றித்தான். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தபோது ஊரே கொதித்தது எதற்கு? காருக்கா? காரில் இருந்தவனுக்கா? அம்மாவுக்கு. நனைந்து வந்து அழுத பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டி, உன் மேல் ஒரு களங்கமும் இல்லை என்று உள்ளே சேர்த்துக்கொண்டாளே, அந்த அம்மாவைத்தான் தாங்க முடியவில்லை. அதெப்படி ஒரு தாய் மன்னிக்கலாம் என்று கேட்டார்கள். சரி, மன்னிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்புறம் என்ன ஆகும் பாருங்கள் என்று எழுதியதுதான் நாவல். அதில் கங்காவின் அம்மா கனகம் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு கத்துகிறாள். அண்ணன் காதில் விழுகிறது. கதவு சாத்தப்படுகிறது. பல வருடம் கழித்து, தன் கதையையே வேறு ஓர் அம்மாவோடு யாரோ எழுதியிருப்பதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, கங்கா அதைத் தன் அம்மாவிடமே கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். எனக்கு நாவலின் உயிர் அந்த இடம்தான். நாற்பது ஸ்லைடில் அது இல்லை. கட்டத்தில் சேராததால் விட்டுவிட்டார் போல.

நியாயமாகப் பார்த்தால் இந்த வட்டம் காரில் வந்த பிரபுவுக்குத்தான் அழகாகப் பொருந்தும். காரில் கிளம்புவான், சுற்றுவான், தப்புப் பண்ணுவான், பிறகு வருத்தமும் படுவான். வீட்டில் மதிப்பு இல்லாவிட்டாலும் மனைவி பத்மா கதவைச் சாத்தவில்லையே. சக்கரம் அவன் காருக்கு இருக்கிறது.

தம்பி ஓர் உருப்படியான எதிர்வாதம் வைத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்தேன் என்பார்கள். "திரும்ப மறுப்பதற்கும் கேம்பலில் இடம் இருக்கு அக்கா, முசுகுந்தன் கதையை அவரே சொல்றார்" என்றார். உண்மை. நம் திருவாரூர்க்காரர்கள் இந்திரனிடமிருந்து தியாகராஜரைக் கொண்டுவந்தவர் என்று கொண்டாடுகிறார்களே, அந்தப் பெயருள்ள சக்கரவர்த்திதான். தேவர்களுக்காகப் போர் செய்து களைத்து, வரமாகத் தூக்கத்தைக் கேட்டு, யுகக்கணக்கில் குகையில் தூங்குகிறார். எழுந்து வந்து பார்த்தால் மனிதர்கள் எல்லாம் குள்ளமாகத் தெரிகிறார்கள். இவர்களோடு நமக்கு என்ன வேலை என்று மலைக்குத் தவம் செய்யப் போய்விடுகிறார். அருமையான கதை. ஆனால் அந்த முடிவு அவர் எடுத்தது. சக்கரவர்த்தி ஊருக்கு வந்தால் யாராவது வேண்டாம் என்றிருப்பார்களா? கங்காவை முசுகுந்தனோடு நிறுத்துகிறவர் ஒரு தடவையாவது பெட்டியோடு வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

நான் பார்த்திருக்கிறேன். நின்றது நான் இல்லை, என் அத்தை. ஸ்டெனோகிராபியும் டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ் பண்ணிவிட்டு, கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவள். மாட்டுங்காவில் ஒரு குடும்பத்தோடு ஒண்டுக்குடித்தனமாக ஓர் அறை. இன்றைக்கு எங்கள் குடும்பக் குழுவில் மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் அவள் படத்தைப் போடுவார்கள். 'அந்தக் காலத்திலேயே தனியாகப் பம்பாய்க்குப் புறப்பட்ட வீராங்கனை.' கீழே தீபம், பூங்கொத்து, கைகூப்பல். புறப்பட்டாளாம்! புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளிடம் "இங்கே இடம் இல்லை" என்று சொன்னது யார் என்று அந்தக் குழுவில் ஒருவரும் எழுத மாட்டார்கள். சொன்ன பெரியப்பாவின் பேரன்தான் தீபம் போடுவதில் முதல் ஆள். அத்தை மாதாமாதம் அனுப்பிய மணியார்டரை வாங்கிக்கொண்டார்கள், அந்தப் பணத்தில் ஒரு கல்யாணமே நடந்தது. "நீ வந்தால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும்" என்று கடிதம் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

அவளிடம் இந்த நாவல் இருந்தது. கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. தினமணி கதிரில் தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, கோணி ஊசியில் கெட்டி நூல் கோத்துத் தைத்து, ஆபீஸ் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டது. நூல் போன இடத்தில் ஓரத்து எழுத்துகள் பாதி மறைந்திருக்கும், விரலால் விலக்கிப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். கங்காவை அண்ணன் வெளியே போகச் சொல்லும் இடத்தில், ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பென்சில் கோடு. குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. அழுத்தின அழுத்தில் கோடு பின்பக்கத்து விளம்பரத்தில் புடைத்துக்கொண்டு தெரியும். கார் வருகிற பக்கத்தில் கோடு இல்லை. ஸ்டெனோவாக இருந்தவள், எதற்குக் கீழே கோடு போட வேண்டும் என்று தெரியாதவள் இல்லை.

இதைத்தான் அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தேன். "தனிப்பட்ட அனுபவம் வேண்டாம், பிரதிக்குள் நிற்போம்" என்று குறுக்கே வந்தார் மட்டுறுத்துநர். அவருடைய அமெரிக்கப் பயணம் பிரதிக்குள் எத்தனை தடவை வந்துபோயிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"அப்படியானால் மாரீன் மர்டாக் எழுதிய நாயகியின் பயணம் இருக்கிறதே, அதைப் போடலாமே" என்று இன்பாக்ஸில் ஒரு தோழி. 1990இல் வந்த புத்தகம், நல்ல புத்தகம்தான். கேம்பலிடமே மர்டாக் பெண்களைப் பற்றிக் கேட்டாராம். பெண் பயணம் போக வேண்டியதில்லை, எல்லோரும் போய்ச் சேரப் பார்க்கிற இடமே அவள்தான் என்கிற மாதிரி பதில் வந்ததாம். அந்தப் பதிலில் எரிச்சலாகித்தான் அவர் வேறு வட்டம் போட்டார். எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அதுவும் வட்டம்தானே அம்மா. ஒரு வட்டத்துக்குள் அடைபடாதவளை எடுத்து இன்னொன்றில் அடைக்க வேண்டுமா? கங்கா கடைசியில் குடிக்கிறாள். அதை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? முதல் தடவை படித்தபோது எனக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருப்பதற்காகத்தான் அவர் அப்படி எழுதினார் என்று நினைக்கிறேன்.

ஆண்கள் இதைப் பற்றியெல்லாம் பேசவே கூடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதியதே ஒரு ஆண்தானே சார்.

இத்தனை நேரம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுந்தது ஸ்லைடுக்காக மட்டும் இல்லை. பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "காரில் அவளேதானே ஏறினாள், யாரும் இழுத்துப் போடவில்லையே" என்றது. பழகின குரல். அவர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போயிருக்கிறேன். அப்போதும் சிரித்தார்கள். 1966இல் அந்த அம்மா மேல் கொதித்தவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று யோசித்ததுண்டு. எங்கேயும் போகவில்லை, செம்பூரில் ஒரு சொசைட்டி ஹாலில் கேசரி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பி சின்னவர், படிக்கிறவர், திருத்திக்கொள்வார். அந்தக் குரலுக்கு ஒருவரும், தம்பி உட்பட, ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. "அடுத்த ஸ்லைடு" என்றார். அதுதான் எரிகிறது.

அந்தக் கேசரியும் காபியும் யார் வீட்டிலிருந்து வருகின்றன என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லிவைக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெண்கள் முறை வைத்துப் பண்ணிக்கொண்டு வருகிறோம். டம்ளர் கழுவுவதும் நாங்கள். கட்டுரை வாசிக்கும் முறை மட்டும் எங்களுக்கு வருவதே இல்லை. கேட்டால் "நீங்கள் முன்வரவில்லையே" என்பார்கள். முன்வந்தால் எமோஷனல்.

குழுவை விட்டு விலகப்போகிறேனா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. அடுத்த மாதம் கட்டுரை நான் வாசிக்கிறேன், இதையே அறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்லைடு கிடையாது. பின் வரிசைக்காரர் கட்டாயம் வர வேண்டும், முன் வரிசையிலேயே நாற்காலி போடச் சொல்கிறேன். காபி முறையை இந்தத் தடவை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும், முப்பது பேருக்கு இரண்டு லிட்டர் பால் போதாது, மூன்றாக வாங்குங்கள். அப்புறம், கிளம்பின வேகத்தில் என் பெரிய ஃப்ளாஸ்கை ஹாலிலேயே விட்டுவிட்டேன். எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும் மாட்டுங்கா ஸ்டேஷன் பூக்கடை வாசலில் கொண்டுவந்து கொடுத்தால் போதும், வாதத்துக்கு இழுக்க மாட்டேன்.