48,000 ரூபாய்க்கு விஷம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. 32 வீடு, வீட்டுக்கு 1,500 ரூபாய், ஆக மொத்தம் 48,000. இதை ஒரு கம்பெனிக்குக் கட்டினால் வருஷம் முழுக்க மாதம் ஒரு தடவை ஆள் வந்து எலி, கரப்பான், கொசு, பாம்பு என்று "எல்லாப் பூச்சிக்கும்" மருந்து வைத்துவிட்டுப் போவார்களாம். பாம்பு எப்போதிலிருந்து பூச்சி ஆனது என்று கேட்டேன். எங்கள் ஊரில் ராத்திரி நேரத்தில் பாம்பு என்று வாயால் சொல்லக் கூடாது, பூச்சி என்றுதான் பாட்டி சொல்வாள், அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் போல. பேச ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, "மேடம், டயம் ஆகுது, குரூப்ல போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். குரூப்பில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

நாங்கள் சென்னையில் மேடவாக்கம் பக்கம் குடிவந்தது 2009ல். அப்போது வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் காலி மனை, சீமைக்கருவேலம், ஐப்பசி மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர், தண்ணீர் வடிந்தால் கோரை. ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு. 2022ல் பள்ளிக்கரணையை ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தபோது நம் ஆட்கள் எல்லாரும் பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்தார்கள், "எங்க ஏரியா" என்று. அந்த ஏரியாவில் இருக்கிற பாம்பும் கீரியும் நம் கேட்டுக்கு உள்ளே எட்டிப் பார்த்தால் மட்டும் கம்பைத் தூக்குகிறோம். அதுகள் புதிதாக வரவில்லை. இருந்த இடத்தில் நாம் வாசல் வைத்துக் கோலம் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூலை மனையில் ஒரு சாரை வந்தது. ஆறடி இருக்கும், பழுப்பும் மஞ்சளுமாக, வெயிலில் செங்கல் குவியல் மேல் படுத்துக் கிடந்தது. நான் போய்ச் சேருவதற்குள் நான்கு பேர் சவுக்குக் கட்டையால் அடித்து முடித்துவிட்டார்கள். வாட்ச்மேன் தாத்தா ஓரமாக நின்று தலையில் அடித்துக்கொண்டார். "சாரைம்மா இது. விஷமே கெடையாது. எலி புடிச்சித் தின்னுக்கினு அதும்பாட்டுக்கு கெடந்துது." அடித்தவர்களில் ஒருவர் வாலைப் பிடித்துத் தூக்கி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பாம்பை அடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். என்னை ஏதோ பாம்புக்குச் சொந்தக்காரி மாதிரி பார்த்தார்கள்.

அந்தச் சாரை போனதால்தான் தெருவில் எலி பெருகியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முதல் காரணம் குப்பைதான், அதற்கு வருகிறேன். ஆனால் எலிக்கு 21, 22 நாளில் ஒரு பிரசவம், ஈட்டுக்கு ஆறேழு குட்டி, அதுகள் இரண்டு மூன்று மாதத்தில் தாயாகத் தயார். இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க சாரை, கீரி, கூகை, பூனை எல்லாம் ஒரு பக்கம் ஓயாமல் தின்றுகொண்டே இருந்தால்தான் நடக்கும். நன்மங்கலத்தில் கொம்பன் ஆந்தை கூடு வைப்பது பறவை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அதற்கும் எலிதான் சோறு. சம்பளம் கேட்காமல் வேலை பார்க்கிற இந்த ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு 48,000க்கு ஆள் தேடுகிறோம்.

எலியால் எனக்கு நஷ்டமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். போன மார்கழியில் என் காரின் வயரைக் கடித்துப் போட்டது, மெக்கானிக் 11,000 ரூபாய் வாங்கினார். பானெட்டைத் திறந்தால் உள்ளே பேட்டரி ஓரத்தில் பாதி தின்ற தேங்காய் மூடி, சாம்பிராணிக் கவர், எங்கள் வீட்டு மிதியடியிலிருந்து பிய்த்த நார் எல்லாம் வைத்து ஒரு மெத்தை. கோபத்தை மீறி சிரிப்புதான் வந்தது. புகையிலைக் காம்பு கட்டிப் பார்த்தேன், அந்துருண்டை போட்டுப் பார்த்தேன். ப்ளக்கில் சொருகினால் மனுஷன் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டும் என்று ஒரு கருவி 799 ரூபாய்க்கு வாங்கினேன், மூன்றாம் நாள் ராத்திரி அதன் மேலேயே ஏறிப் போனது ஒன்று.

அப்புறம் அந்த ஒட்டுகிற அட்டை. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார்கள். காலையில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள், "அக்கா, வந்து பாருங்களேன், என்னால பாக்க முடியல." எலி இல்லை. இரண்டு பல்லி, ஒரு அரணை, ஒரு அணில் குட்டி. பல்லி இரண்டும் செத்துவிட்டன. அணில் குட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து வயிற்றில் ரோமம் போய்த் தோல் சிவந்து, ஆனால் கண் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நல்லெண்ணெயை விரலில் தொட்டு ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி எடுத்தோம், முக்கால் மணி நேரம் ஆனது. வால் கடைசியில் வந்தது. அரணை பிழைத்து ஓடியது, அணில் சாயங்காலம் வரை அட்டைப்பெட்டியில் இருந்து செத்துப்போனது. எலி மாட்டினாலும் இப்படித்தான் ஒரு நாள் இரண்டு நாள் கிடந்து சாகும். அதை அப்படியே மடித்துக் குப்பையில் போடச் சொல்லி அட்டையின் பின்னால் படம் போட்டிருக்கிறான்.

சரி, விஷத்துக்கு வருவோம். 2024 நவம்பரில் குன்றத்தூரில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? அங்கே ஒரு வீட்டிலும் எலிக்கு மருந்து வைக்க ஆள் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் காலையில் இல்லை. அது போக, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாட்டில் தடை செய்திருப்பது சும்மா இல்லை, அது ஈரலை அழித்துவிடும், முறிக்க மருந்து கிடையாது. கூட்டத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி, நீங்கள் வைக்கப்போகிற மருந்தின் பெயர் என்ன என்பதுதான். வந்திருந்த பையனுக்குத் தெரியவில்லை. "பெஸ்ட் குவாலிட்டி மேடம்" என்றான்.

இப்போது பெரும்பாலும் வைப்பது நீலம் அல்லது சிவப்பாகக் கட்டி கட்டியாக இருக்கும் கேக், மருந்தின் பெயர் புரோமடியோலோன். தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய வேலையை உடம்பு செய்ய முடியாமல் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து மூன்று நாளோ ஐந்து நாளோ கழித்துத்தான் சாகும். அதுவரை தள்ளாடிக்கொண்டு பகலிலும் வெளியே நடக்கும். தள்ளாடுகிற எலி யார் கையில் கிடைக்கும்? பூனை, கூகை, கீரி, இவர்கள் கையில்தான். விஷம் அப்படியே அடுத்த வயிற்றுக்குப் போகிறது. எங்கள் வீட்டுக்கு வந்து போகிற சாம்பல் பூனை போன வருஷம் ஈறில் ரத்தம் வடிய வந்து படுத்தது. கால்நடை மருத்துவர் பார்த்தவுடனே கேட்டார், "உங்க தெருவுல எலி கேக் வெச்சிருக்காங்களா?" வைட்டமின் கே ஊசி போட்டு, மூன்று வாரம் மாத்திரையை மத்தி மீனில் மறைத்துக் கொடுத்துப் பிழைக்க வைத்தோம். கூகைக்கு யார் ஊசி போடுவது.

இதில் அநியாயமாகச் சாவது மூஞ்சூறு. அது எலியே இல்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கொறிக்கிற ஜாதி கிடையாது, பூச்சி தின்கிற ஜாதி. கண் சரியாகத் தெரியாமல் சுவர் ஓரமாகவே கீச் கீச் என்று ஓடும், ஒரு வாடை அடிக்கும், உண்மைதான். ஆனால் அது தேடுவது உங்கள் அரிசியை இல்லை, சிங்க்குக்குக் கீழே இருக்கிற கரப்பானை. பிள்ளையார் சதுர்த்திக்கு அதையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு மறுநாள் துடைப்பத்தால் அடிக்கிறோம்.

பாம்பு விஷயத்தில் பயப்படாதீர்கள் என்று நான் உபதேசம் செய்ய மாட்டேன், எனக்கே பயம்தான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படலாம். நம் பக்கம் ஆளைக் கொல்லக்கூடியது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கும்தான் முக்கியம். இதில் எனக்குத் தூக்கம் கெடுவது கட்டுவிரியனை நினைத்து. ராத்திரியில் உள்ளே வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்பார்கள், வாயு என்று சோடா வாங்கிக் கொடுப்போம், அங்கேதான் உயிர் போகிறது. அப்படி இருந்தால் கத்தியும் கயிறும் எடுக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடுகிற விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புக்கும் சேர்த்துத்தான். அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள், 1978ல் ஆரம்பித்தது, நம் ஊரிலிருந்து ஈ.சி.ஆரில் போனால் எட்டிவிடுகிற தூரம்தான். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பூண்டுத் தண்ணீர், பினாயில், பாம்பு விரட்டிப் பவுடர், இதற்கெல்லாம் பாம்பு திரும்பிப் போகாது. எலி இருந்தால் வரும், ஒளிய இடம் இருந்தால் தங்கும். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்கள், எங்கள் தெருவில் கரையானுக்குப் பதில் பெருச்சாளி. மூன்றாம் வீட்டு காம்பவுண்டு சுவருக்குக் கீழே அது தோண்டிய வளையில் கை முழுக்க உள்ளே போகும், சுவர் ஒரு பக்கம் இறங்கியே விட்டது. பாம்பு வந்தால் 101க்கு அடியுங்கள், தீயணைப்புக்காரர்கள் வருகிறார்கள், அதுவரை ஒருவர் தூரத்தில் நின்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கொசுவைப் பற்றி இரண்டு வரி. புகை அடித்தால் பறக்கிற கொசு சாகும், தண்ணீரில் இருக்கிற புழு சாகாது, ஒரு வாரத்தில் அடுத்த செட் தயார். டெங்கு கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, உங்கள் மாடித் தொட்டியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில், மணிபிளாண்ட் பாட்டிலில். நான் போய் எண்ணினேன், எங்கள் தெருவில் ஒன்பது மேல்நிலைத் தொட்டிக்கு மூடி இல்லை அல்லது உடைந்த மூடி. சங்கத் தலைவர் வீடு உட்பட.

குப்பை. வண்டி வருவது காலை ஏழு மணிக்கு. ஆனால் காலையில் எழுந்திருக்க சோம்பல்பட்டு ராத்திரி பத்து மணிக்கே மீன் முள்ளும் கோழி எலும்பும் கட்டி கேட்டில் மாட்டிவிடுகிறோம். முனையில் பிரியாணிக் கடை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஒன்பது மணி நேரம் விருந்து வைத்துவிட்டு விருந்தாளியைக் கொல்ல ஆள் கூப்பிடுகிறோம். மழைத்தண்ணீர் நிற்கிற தெருவில் எலி இருப்பது வெறும் வயர் பிரச்சினை இல்லை, அதன் மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும், 2015 வெள்ளத்துக்கு அப்புறம் எத்தனை பேர் மாத்திரை சாப்பிட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

(தெரு நாய் விஷயம் ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். எழுதினால் கமெண்டில் ரத்த ஆறு ஓடும்.)

கரப்பானுக்கு ஜெல் வைப்பதிலோ கரையானுக்கு மருந்து இறக்குவதிலோ எனக்குச் சண்டை இல்லை, எங்கள் வீட்டு அலமாரிக்கே செய்திருக்கிறேன். எலிக்கு நான் செய்தது இதுதான். ஏ.சி. குழாய் போகிற ஓட்டையை இரும்பு நாரும் சிமெண்டும் வைத்து அடைத்தேன், சுண்டெலிக்குப் பென்சில் நுழைகிற ஓட்டை போதும். பின்கதவுக்குக் கீழே தகடு அடித்தேன். வடிகால் வாய்க்கு இரும்பு ஜாலி. அப்புறம் பழைய மரப்பொறி. பொறியில் ஒரு ரகசியம் உண்டு, எலி புதுப் பொருளைப் பார்த்தால் சந்தேகப்படும், இரண்டு மூன்று நாள் கிட்டவே வராது. அதனால் பொறி மூடிக்கொள்ளாதபடி சும்மா திறந்து போட்டு, சுட்ட தேங்காய்ச் சில்லோ மசால் வடையோ தின்னப் பழக்கி, நான்காம் நாள்தான் பூட்ட வேண்டும். ஒரே வாரத்தில் ஐந்து. தயவுசெய்து பிடித்ததைக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தெருவில் விடாதீர்கள், அவர்கள் பிடித்ததை நம் தெருவில்தான் விடுகிறார்கள், நான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாம் சேர்த்து என் வீட்டுக்கு 2,300 ரூபாய் ஆனது, கொத்தனார் கூலியோடு. ஒரு தடவைச் செலவு. வருஷா வருஷம் 1,500 இல்லை.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதே கொத்தனார் வருகிறார். தெரு வடிகாலில் ஜாலி போடவும் பெருச்சாளி வளையைக் கல்லும் கண்ணாடிச் சில்லும் போட்டு அடைக்கவும் இதுவரை நான்கு வீட்டுக்காரர்கள் பணம் கொடுத்திருக்கிறோம். சேர விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கடையில் சொல்ல வேண்டும்.